மங்கலத்துக் கரும்பாறையும் வெள்ளைப் பாறையும்

காலை எட்டே காலுக்குத் திருப்பூரில் இறங்கினேன். முதல் நாள் மத்தியானம் கும்பகோணத்தில் ஏறியவன். திருச்சியில் ஒரு வண்டி மாற்றம், ஈரோட்டில் இன்னொன்று. ஈரோட்டிலிருந்து மூன்றாம் வகுப்பு ஒரு ரூபாய் நாற்பது காசு. முப்பது மைலுக்கு இது அதிகமில்லை. உட்கார இடமும் கிடைத்திருந்தால் இன்னும் மனம் குளிரக் கொடுத்திருப்பேன். பனியன் வாங்கப் போகும் வியாபாரிகள் பெஞ்சு முழுவதையும் பிடித்திருந்தார்கள். என் பையில் ஒரு சுத்தியல், ஒரு பூதக்கண்ணாடி, ஒரு பழைய நோட்டு. முதல் இரண்டும் எங்கே போனாலும் கூட வருபவை. இந்தத் தடவை வந்தது நோட்டுக்காக.

ஸ்டேஷனுக்கு எதிரே இரண்டு இட்லி, ஒரு காப்பி, முப்பத்தைந்து காசு. சாப்பிட்டுவிட்டு நொய்யல் பாலம் வரை நடந்தேன். இரு கரையிலும் வெளுத்த பனியன் துணியை நீளநீளமாகக் காயப் போட்டிருந்தார்கள். கண் கூசுகிற வெள்ளை. ஏழு வருஷத்துக்கு முன், அறுபத்திரண்டில், இதே பாலத்தில் நின்று "அடடா, என்ன வெளுப்பு!" என்று வாயைப் பிளந்திருக்கிறேன். இப்போது அதைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஒன்பதே முக்காலுக்கு மங்கலம் பஸ். ஆறு மைல், முப்பது காசு. டிக்கெட் கிழித்த கண்டக்டர் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த சுத்தியலைப் பார்த்தார்.

"கெணத்து வேலைங்களா?"

"இல்லை. கல் பார்க்கிறவன். கல்லூரியில் அதைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன்."

"கல்லைப் பாக்கறதுக்கு அத்தனை தூரத்திலிருந்து வரோணுங்களா? நாங்க அதைப் பாக்காம இருக்கறதுக்கு வழி தேடிட்டிருக்கறமுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

அவர் சொன்னது சரிதான். எங்கள் ஊரில் எத்தனை அடி தோண்டினாலும் வண்டலும் களியும்தான். அம்மிக்கல்கூட வெளியூரிலிருந்து வண்டியேறி வர வேண்டும். கல் இல்லாத ஊரில் பிறந்ததாலோ என்னவோ, சின்ன வயதிலிருந்தே எனக்குக் கல் பைத்தியம். அந்தப் பைத்தியம்தான் அறுபத்திரண்டில் என்னை இந்த ரோட்டுக்கு இழுத்து வந்தது.

மங்கலத்துக்கு வெளியே ஒரு நிலத்தில் வெள்ளைப் பாறையும் கரும்பாறையும் ஒட்டிக்கொண்டு கிடப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். வெள்ளைப் பாறை என்று ஊரார் சொல்வது கிரானைட். கரும்பாறை என்பது டாலரைட். இரண்டும் பூமிக்குள் குழம்பாக இருந்து ஆறி இறுகியவை. வித்தியாசம் ஆறின விதத்தில் இருக்கிறது. வெள்ளைப் பாறை ஆழத்திலே அவசரமில்லாமல் ஆறியது. ஆகவே கற்கண்டு மாதிரிப் பெரிய பெரிய பரலாக மின்னும். கரும்பாறையோ, பிறகு ஒரு காலத்தில் வெள்ளைப் பாறையின் வெடிப்பில் புகுந்து சட்டென்று இறுகியது. கமர்கட்டை உடைத்தால் உள்ளே எப்படி ஒரே கறுப்பாக, பரலே தெரியாமல் இருக்கும், அப்படி. மங்கலத்தில் அது நிலத்தின் குறுக்கே ஒரு சுவர் மாதிரி ஓடுகிறது. மேலே இடுப்பளவு உயரத்துக்குக் கறுப்புக் குண்டுகள். கீழே எத்தனை ஆழமோ தெரியாது.

அன்றைக்கு இதே பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்தான் இஸ்மாயில் ராவுத்தர். முப்பது வயது, திருப்பூரில் நான்கு மிஷின் வைத்துப் பனியன் துணி பின்னிக்கொண்டிருந்தார். துணியை வெளுக்க ஊராரின் பட்டறை வாசலில் முறைக்குக் காத்துக் கிடக்க வேண்டியிருக்கிறது, சொந்தமாக ஒரு பட்டறை போட வேண்டும் என்பது அவருடைய கனவு. அதற்காக மங்கலத்தில் இரண்டு ஏக்கர் வாங்கியிருந்தார். நான் தேடிப்போன கரும்பாறை அந்த இரண்டு ஏக்கரின் நடுவில்தான் ஓடியது! என் சுத்தியலைப் பார்த்துவிட்டு, "சார், எங்கே கெணறு வெட்டலாமுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லோணும்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கே கூட்டிப் போய்விட்டார்.

நான் சொன்னேன். சும்மா சொல்லவில்லை, அரை மணி நேரம் பிரசங்கம் செய்தேன். நிலம் நொய்யலை நோக்கிச் சரிகிறது. தண்ணீர் மண்ணுக்கடியில் அந்தப் பக்கம்தான் ஓடும். குறுக்கே கரும்பாறை அணை மாதிரி நிற்கிறது. ஆகவே மேட்டுப் பக்கத்தில், பாறையை ஒட்டித் தோண்டினால் தேங்கின தண்ணீர் அத்தனையும் உங்களுக்கு என்றேன். வெட்டினார்கள். தண்ணீர் பொங்கி வந்தது. எனக்குக் கடிதம் எழுதினார். கர்வத்தில் அதை வகுப்பில் படித்துக்கூடக் காட்டினேன்.

அடுத்த வருஷம் இன்னொரு கடிதம் வந்தது. துணி வெளுக்கவே இல்லை, மஞ்சள் அடிக்கிறது; பட்டறையைப் பார்த்துக்கொண்ட மச்சினன் பிளீச்சிங் பவுடரை வெளியில் விற்றுவிட்டுக் குறைத்துப் போடுகிறான் போலிருக்கிறது, அவனை அனுப்பிவிட்டேன்; வேறு ஆள் போட்டும் சரிப்படவில்லை, மூடிவிட்டேன் என்று எழுதியிருந்தார். "மனம் தளர வேண்டாம்" என்று நான் ஒரு கார்டு போட்டேன். அதோடு மறந்தும் போனேன்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு பத்திரிகைக்காரர் இரண்டு வகைக் கல்லை ஒப்பிட்டு எளிமையாக ஒரு கட்டுரை கேட்டார். பழைய நோட்டை எடுத்தேன். கரும்பாறைக்கும் வெள்ளைப் பாறைக்கும் அன்று நான் போட்ட பட்டியல் அதில் இருந்தது. பக்கத்தைத் திருப்பினால் அதன் பின்புறத்தில், நாளும் மணியும் போட்டு, என் கையெழுத்திலேயே இப்படி ஒரு குறிப்பு:

"பாயின் மனைவி சொன்னது: கரும்பாறையை ஒட்டின மேட்டுப் பக்கத்து ஊற்றுக்குழித் தண்ணீரில் பருப்பு வேகாதாம். ஆகையால் பள்ளப் பக்கத்துக் கவுண்டர் கிணற்றிலிருந்து எடுத்து வந்து சமைத்தாராம். வேடிக்கை."

நான் மாமிசம் சாப்பிடாதவன் என்று தெரிந்து அன்று அந்த அம்மாள் எனக்கென்று தனியாகப் பருப்பு வேக வைத்தார். அப்போது சொன்னது அது. நான் சிரித்தேன். "தண்ணீருக்கும் பருப்புக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று கேட்டேன். அதை இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

நோட்டை எட்டிப் பார்த்த என் மனைவி, "பருப்பு வேகாத தண்ணியில துணி எப்படி வெளுக்கும்?" என்று கேட்டுவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டாள். பதினெட்டு வருஷமாகப் பாடம் நடத்துகிறவனுக்கு அரை நிமிஷத்தில் பாடம் முடிந்தது. கரும்பாறையில் இரும்பும் சுண்ணாம்பும் அதிகம். அதன் மேல் சாய்ந்து தேங்கும் தண்ணீர் அவற்றைக் கரைத்து வைத்துக்கொள்ளும். பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, துணி மஞ்சள் தட்டும். இதெல்லாம் எனக்குத் தெரியாததா? தெரியும். எவ்வளவு தண்ணீர் என்று பார்த்தேனே தவிர, எப்படிப்பட்ட தண்ணீர் என்று நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என் ஏட்டில் இருந்தது உதவுகிற சரக்கு. அதைத்தான் வேடிக்கை என்று ஒதுக்கினேன்.

மச்சினன் பவுடரைத் திருடவில்லை. தப்பு என்னுடையது. இதைக் கார்டில் எழுத மனம் வரவில்லை. அதனால் புறப்பட்டேன்.

பத்தே காலுக்கு மங்கலம். பஸ் நிற்கும் இடத்திலேயே தறிச் சத்தம் காதை அடைக்கிறது. ஏழு வருஷத்தில் தெருவுக்குத் தெரு பவர்லூம் வந்துவிட்டது. அங்கிருந்து ஒரு மைல் நடை. பட்டறை இருந்த இடத்தில் தென்னந்தோப்பு நிற்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கட்டின தொட்டிகளில் ஒன்றில் மாட்டுக்குத் தண்ணீர். மற்றொன்றில் மட்டைகளைப் போட்டு வைத்திருந்தார்கள்.

இஸ்மாயில் ஓடி வந்து பையை வாங்கிக்கொண்டார். தாடியில் நரை எட்டிப் பார்த்தது. இப்போது மிஷின் எல்லாம் இல்லை; பனியன் துணியை மொத்தமாக வாங்கி விற்கிறார்.

"ஒரு கார்டு போட்டிருந்தா பஸ்ஸுக்கே வந்திருப்பனுங்களே சார். ஜமீலா, யாரு வந்திருக்காங்க பாரு. நம்ம கெணத்து சாரு."

கெணத்து சார். அந்த வீட்டில் எனக்கு அதுதான் பெயராம். ஜமீலா வாசலுக்கு வந்து, "வாங்க சார். ஊட்டுல எல்லாரும் சௌக்கியமுங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

உட்காரக்கூட விடாமல் இஸ்மாயில் என்னைக் கிணற்றுக்கு இழுத்துப் போனார். இளநீர் வெட்டிக் கொடுத்தார். "ரெண்டு வருசம் மழையே இல்லாமப் போச்சுங்க. சுத்துப்பட்டுல எல்லாக் கெணறும் பாறை தெரிஞ்சுது. இது ஒண்ணுதானுங்க வத்தவே இல்லை. பத்து ஊட்டு மாடு இதுலதான் தண்ணி குடிச்சுது. உங்க பேரைச் சொல்லாத நாளில்லைங்க" என்றார்.

இளநீரைக் கீழே வைத்தேன். திட்டுவார் என்று தயாராக வந்தவனை இப்படி நன்றி சொல்லி அடித்தால் என்ன செய்வது? சொல்ல வேண்டியதை நாக்கின் நுனியில் வைத்துக்கொண்டு, பேச்சை மாற்றுவதற்காகப் பாறையைப் பார்க்கப் போனேன்.

கரும்பாறை அப்படியே இருந்தது. ஆனால் ஒரே ஒரு இடத்தில், இரண்டடி அகலத்துக்கு, பாசியும் மண்ணும் போய் வழுவழுவென்று கிடந்தது. பழக்க தோஷம், குனிந்து கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். மழை நீர் இப்படி அரிக்காதே என்று யோசித்தேன்.

"பாய், இந்த இடம் மட்டும் ஏன் இப்படி இருக்கிறது?"

"அதுங்களா? ஜமீலா நடந்து நடந்து ஆனதுங்க. தெனமும் ரெண்டு நடை, கவுண்டர் கெணத்துக்கு."

"உங்கள் கிணற்றில்தான் கொள்ளாத தண்ணீர் இருக்கிறதே?"

"சமைக்கறதுக்கும் குடிக்கறதுக்கும் அவளுக்கு அந்தத் தண்ணிதான் வேணுமுங்க. நானும் சொல்லிப் பாத்துட்டேன். கேக்கறதில்லை."

பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. கத்திரிக்காய், ரசம், முதலில் பருப்பு. நான் வந்தபிறகு, இஸ்மாயிலும் நானும் தோப்பில் பேசிக்கொண்டிருந்தபோது, அந்த அம்மாள் குடத்தோடு பாறையைத் தாண்டிப் போய்விட்டு வந்ததைப் பார்த்திருந்தேன். இலையில் பருப்பை ஊற்றினார். நெய் விட்டார். நான் ஒரு வாய் எடுத்ததும் மிகவும் மரியாதையாக, குரலை உயர்த்தாமல் கேட்டார்:

"பருப்பு வெந்திருக்குதுங்களா சார்?"

ஏழு வருஷமும் அவர் மறக்கவில்லை. நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியமில்லை. இலையில் கை வைத்தபடியே சொல்ல ஆரம்பித்தேன். தண்ணீரைப் பற்றிச் சொன்னேன், இரும்பைப் பற்றிச் சொன்னேன், மஞ்சள் எதனால் வந்தது என்று சொன்னேன். "பாய், உங்கள் மச்சினன் பவுடரைத் தொடவே இல்லை. எத்தனை மூட்டை கொட்டியிருந்தாலும் அந்தத் தண்ணீரில் துணி வெளுத்திருக்காது. அம்மா என்னிடம் முன்னாலேயே சொன்னார்கள். நான்தான் சிரித்தேன்" என்றேன்.

இஸ்மாயில் மனைவியைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்.

"எங்கிட்டயும் சொன்னாளுங்க சார். துணி மஞ்ச அடிச்சப்பறம் சொன்னா. தண்ணிதான் சரியில்லை, காசிம் மேல தப்பில்லைன்னு. தம்பியைக் காப்பாத்தறதுக்குப் பேசறான்னு நெனச்சேன். அத்தனை படிச்ச சாருக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சு போச்சான்னு கேட்டேன். பொறகு அவ வாயே தொறக்கலைங்க."

ஆக, அந்த வீட்டில் அவர் வாயை அடைத்ததும் என் பெயரால்தான். பத்து ஆட்கள் முன்னிலையில் திருடன் என்ற பேச்சைக் கேட்ட காசிம் அன்று மாலையே பம்பாய் ரயில் ஏறிவிட்டானாம். அங்கே ஒரு சாயப்பட்டறையில் வேலை. பெருநாளைக்கு அக்காவுக்கு மட்டும் ஒரு கார்டு வரும். அப்பாவின் மையத்தை அடக்கம் செய்யக்கூட வரவில்லை. இவற்றையெல்லாம் ஜமீலா சொல்லவில்லை, இஸ்மாயில்தான் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது.

கை கழுவிவிட்டு நோட்டை எடுத்துக் காட்டினேன். ஜமீலா ஐந்தாவது வரை படித்தவர். விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். தேதியை இரண்டு தடவை படித்தார்.

"இது கெணறு வெட்டறதுக்கு முன்னாடிங்களா?"

"ஒரு மாதம் முன்னால்."

"காசிம் வேலைக்கு வாரதுக்கும் முன்னாடி."

"ஆமாம்."

"அப்ப தம்பிக்காக நான் பேசலை" என்று கணவர் பக்கம் திரும்பிச் சொன்னார். "பாத்துக்குங்க."

இஸ்மாயில் தலையை மட்டும் ஆட்டினார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

"இந்தக் காயிதத்தைக் குடுப்பீங்களா சார்? தம்பிக்கு அனுப்போணும். நான் எழுதினா அக்கா ஆறுதலுக்குச் சொல்றதுன்னு இருக்கும். இது உங்க கையெழுத்து."

வேலை நோட்டில் ஒரு தாளையும் கிழிக்கக் கூடாது என்று மாணவர்களை வருஷா வருஷம் மிரட்டுகிறவன் நான். மடித்து, ஓரத்தில் நகத்தால் கீறிக் கிழித்தேன். கொடுப்பதற்கு முன்னால் அந்தக் கடைசிச் சொல் கண்ணில் பட்டது. பேனாவைத் திறந்தேன்.

"வேடிக்கைன்னு எழுதினதை அடித்துவிடட்டுமா அம்மா?"

"வேண்டாமுங்க. அப்படியே இருக்கட்டும். அவனும் படிக்கட்டும்."

கீழே என் பெயரையும் ஊரையும் எழுதி, தப்பு என்னுடையது என்று ஒரு வரி சேர்த்தேன். இஸ்மாயில் பேனாவை வாங்கி அதற்கும் கீழே தானும் ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று நான் பார்க்கவில்லை.

நாலு பத்து பஸ்ஸுக்கு இஸ்மாயிலும் நானும் நடந்து வந்தோம். நாலு தேங்காயைப் பையில் திணித்திருந்தார். வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. பஸ் கிளம்பும்போது ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, "அவன் வருவானுங்களா சார்?" என்று கேட்டார். கிணற்றுக்கு இடம் கேட்டபோது அரை மணி நேரம் பேசினவன் இதற்கு, எனக்குத் தெரியவில்லை பாய் என்றேன். அந்த வீட்டாரிடம் நான் முதல் தடவையாக அப்படிச் சொன்னேன்.

ஊர் திரும்பிவிட்டேன். எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு இரண்டு கொதியில் மலர்ந்துவிடுகிறது. இத்தனை வருஷம் அதைச் சாப்பிட்டேனே ஒழிய ஒரு நாளும் கவனித்ததில்லை. பத்திரிகைக்காரர் கேட்ட பட்டியலை, நிறம், பரல், எடை, உடையும் விதம் என்று ஒன்பது வரிசையாக நான் போட்டிருந்ததை, இங்கே கொடுக்க முடியவில்லை. அது அந்தத் தாளின் மறுபுறத்தில் இருந்தது. ஒன்பது வரிசையில் தண்ணீர் என்று ஒரு வரிசை இல்லை என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

தாள் பம்பாய்க்குப் போய் ஐந்து வாரம் ஆகிறது. காசிம் பதில் போட்டானா என்று கேட்டு மங்கலத்துக்கு இரண்டு கார்டு எழுதிவிட்டேன். முதல் கார்டுக்கு ஜமீலாவே பதில் எழுதியிருந்தார்: "இன்னும் வரவில்லை. கிணறு நன்றாக இருக்கிறது." இரண்டாவதற்கு இன்றைய தபாலிலும் ஒன்றும் இல்லை.